வாங்காத சீட்டுக்கு விழுந்த பரிசு: கேள்வி பதில்

மின்னஞ்சல் வழங்கிகளை (சர்வர்களை) பராமரிப்பது என் வேலை. பரிசு விழுந்ததாக வரும் கடிதங்களைப் பல ஆண்டுகளாகப் பிரித்துப் படித்துவருகிறேன். கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். ஒன்றை மட்டும் இப்போதே கேட்டுக்கொள்கிறேன்: எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதிவிட்டு என்னிடம் வராதீர்கள். வந்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் குலுக்கலில் என் மின்னஞ்சல் முகவரிக்குப் பரிசாம். சீட்டு எண்ணும் கொடுத்திருக்கிறார்கள். அனுப்புநர் பெயரும் மைக்ரோசாஃப்ட் என்றே இருக்கிறது. உண்மையா?

பதில்: பொய். முகவரிகளைக் குலுக்கிப் போட்டுப் பரிசு தரும் லாட்டரி எதையும் மைக்ரோசாஃப்ட் நடத்துவதில்லை. சீட்டே வாங்காத உங்களுக்குச் சீட்டு எண் எங்கிருந்து வந்தது?

அனுப்புநர் பெயரை நம்பாதீர்கள். தபால் உறையின் மேல் யார் பெயரையும் எழுதலாம் அல்லவா, அதுபோலத்தான். மின்னஞ்சலைக் கொண்டுசேர்க்கும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வெளியானபோது, அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்ற சோதனைகள் பிற்பாடு வந்தவை. அவையும் டொமைனைத்தான், அதாவது முகவரியில் ‘அட்’ (@) குறிக்குப் பின்னால் வரும் பெயரைத்தான், சோதிக்கும். மோசடிக்காரர் சொந்தமாக ஒரு டொமைன் வாங்கி ஒழுங்காக அமைத்துவிட்டால் மூன்றிலும் தேறிவிடுவார்.

முகவரியில் ‘அட்’ குறிக்குப் பின்னால் இருப்பதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படியுங்கள். ‘மைக்ரோசாஃப்ட்.பரிசுமையம்.காம்’ என்று இருந்தால், அது பரிசுமையம்.காம் வைத்திருப்பவருடையது. முன்னால் நிற்கும் பெரிய பெயர் அவராக ஒட்டிக்கொண்டது. அடுத்து, கடிதத்தின் தலைப்பு விவரங்களை (ஹெடர்: அனுப்பியவர், பதில் போகும் முகவரி போன்ற குறிப்புகள்) திறந்து, பதில் எந்த முகவரிக்குப் போகும் என்று பாருங்கள். பல கடிதங்களில் அங்கே யாரோ ஒருவரின் இலவசக் கணக்குதான் இருக்கும்.

கேள்வி: எனக்குக் கோகோ கோலா பெயரில் வந்திருக்கிறது. இதுவும் அப்படித்தானா?

பதில்: அப்படியேதான். பெயர் மாறும், கடிதம் மாறாது.

கேள்வி: இவ்வளவு கெட்டிக்காரர்கள் ஏன் இத்தனை பிழையோடு எழுதுகிறார்கள்?

பதில்: மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவைச் சேர்ந்த கோர்மாக் ஹெர்லி 2012இல் இதையொட்டி ஒரு கட்டுரை எழுதினார். லட்சம் பேருக்குக் கடிதம் அனுப்ப அநேகமாகச் செலவே இல்லை. பதில் எழுதுபவரோடு நாள்கணக்கில் பேசத்தான் உழைப்பு வேண்டும். பாதியில் சுதாரித்துக்கொள்பவரால் அவர்களுக்கு நஷ்டம். ஆகவே நம்பமுடியாத கதையே சல்லடையாகிறது. கடைசிவரை நம்பக்கூடியவர் மட்டுமே பதில் எழுதுகிறார். ஹெர்லி ஆராய்ந்தது, நைஜீரியாவிலிருந்து பெரும் பணத்தை எடுக்க உதவினால் பங்கு என்று வரும் மோசடிக் கடிதங்களின் கதைகளை. பிழைகளுக்கும் அது பொருந்தும் என்பது என் எண்ணம்.

ஆட்சேபம்: ஏற்கமுடியாது. தெரியாத மொழியில் எழுதுகிறார்கள், பிழை வருகிறது. அதற்குப் போய் ஒரு தந்திரத்தைக் கற்பிக்க வேண்டுமா?

பதில்: பல கடிதங்களில் நீங்கள் சொல்வதே காரணமாக இருக்கலாம், மறுக்கவில்லை. என் கவலை வேறு. ‘பிழை இருந்தால் மோசடி’ என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தோம். பிழையில்லாத கடிதம் வந்ததும் அதே பாடத்தை வைத்து நம்பிவிடுகிறார்கள். இன்று எந்த மொழியிலும் பிசிறில்லாமல் எழுதிக்கொடுக்க மென்பொருள் இருக்கிறது.

இன்னொருவர்: அப்படியானால் எதைத்தான் பார்ப்பது?

பதில்: கடிதம் உங்களை என்ன செய்யச் சொல்கிறது என்று பாருங்கள். இப்படி ஒரு வரி அடிக்கடி வரும்: ‘ஒரே பரிசுக்கு இருவர் உரிமை கோருவதைத் தவிர்க்க, தொகை கைக்கு வரும்வரை யாரிடமும் சொல்லாதீர்கள்.’ பார்வைக்கு அலுவலக விதி. அது செய்யும் வேலையோ, ‘வேண்டாம், விட்டுவிடு’ என்று தடுத்திருக்கக்கூடிய ஒரே ஆளை உங்களிடமிருந்து பிரித்துவிடுவது. கடிதம் முழுவதிலும் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டும் வரி இதுதான். இதைக் கண்டால் உடனே பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: வரியை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். பரிசிலேயே கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். விதி இடம் தராதாம்.

பதில்: பதில் எழுதிவிட்டீர்கள்! இனி ஒரு வரிகூட எழுதாதீர்கள். நீங்கள் கேட்டது மிகச் சரியான கேள்வி. கழிக்கமுடியாததற்குக் காரணம், கழிக்க அங்கே பணமே இல்லை. இந்த வரியைக் கட்டினால் அடுத்து காப்பீடு, அதற்கடுத்து பரிமாற்றக் கட்டணம் என்று நீளும். 19ஆம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயின் சிறையில் ஒரு செல்வந்தர் வாடுகிறார், மீட்கப் பணம் அனுப்பினால் புதையலில் பங்கு என்று தபாலில் கடிதம் வந்தது. அதே ஏற்பாடுதான் இது.

கேள்வி: விளையாட்டுக்காகப் பதில் எழுதிக் கிண்டல் செய்யலாமா?

பதில்: கூடாது. முகவரி உயிரோடு இருக்கிறது என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாகும்.

கேள்வி: கடிதத்திலுள்ள இணையதள இணைப்பைத் திறந்தால் பூட்டுச் சின்னம் தெரிகிறதே?

பதில்: வழியில் யாரும் எட்டிப்பார்க்கமுடியாது என்பதற்குத்தான் பூட்டு. மறுமுனையில் இருப்பவர் நல்லவர் என்பதற்கு அது அத்தாட்சி ஆகாது.

கேள்வி: அவர்கள்மேல் வழக்குப் போட முடியுமா?

பதில்: வழக்கறிஞரைக் கேளுங்கள். என் துறை இல்லை.

கேள்வி: பிரிட்டன் தேசிய லாட்டரியிலிருந்து வந்தால்?

பதில்: சீட்டு வாங்கினீர்களா? இல்லையென்றால் அழித்துவிடுங்கள். தயவுசெய்து மேலே உள்ளவற்றைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: என் அப்பா மூன்று தவணையாகப் பணம் அனுப்பிவிட்டார், எங்களிடம் சொல்லவில்லை. இப்போது அதை மீட்டுத் தருவதாக ஒருவர் எழுதியிருக்கிறார். சிறு கட்டணம் கேட்கிறார்.

பதில்: அந்தக் கட்டணத்தைக் கட்டவிடாதீர்கள். ஏமாந்தவர்களின் பட்டியல் கைமாறும். மீட்பவராக வருபவர் அதே கூட்டத்தவராகவே இருக்கலாம். இன்றே வங்கியை அழையுங்கள். கடைசித் தவணையை நிறுத்தமுடியுமா என்பது மணிக்கணக்கைப் பொறுத்தது. மின்னஞ்சல், வங்கிக் கடவுச்சொற்களை மாற்றுங்கள். கடிதங்களை அழிக்காமல் காவல்துறையிடம் கொடுங்கள்.

அப்பாவைக் கடிந்துகொள்ளாதீர்கள். வெட்கத்தால்தான் மூன்று தவணையும் உங்களுக்குத் தெரியாமல் போயின. பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்னும் யாருக்காவது அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறீர்களா அப்பா?’ என்று மட்டும் கேளுங்கள்.