மகள் ஓடட்டும், மெயிலையும் அவளே எழுதட்டும்: கிராஸ் கன்ட்ரி கேள்வி-பதில்

அமெரிக்கப் பள்ளிகளில் கிராஸ் கன்ட்ரி, அதாவது புல்லிலும் மேட்டிலும் ஓடும் தூர ஓட்டம், நவம்பரில் மாநிலப் போட்டிகளோடு முடிந்ததும், கல்லூரி அணியில் இடம் கிடைக்குமா என்று கேட்டுக் கடிதங்கள் குவியும். இந்த வருடமும் அப்படித்தான். பாதிக்கு மேல் அப்பாக்கள் எழுதியவை, ஓடுகிற பிள்ளை எழுதியது ஒன்றே ஒன்று. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கடிதத்தில் நான்கு விவரம் வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் சொல்லி வருகிறேன்: எந்த வகுப்பு, 1600, 3200 மீட்டர் ட்ராக் நேரம், ஜி.பி.ஏ. (பள்ளி மதிப்பெண் சராசரி), எந்த கோர்ஸில் ஓடிய 5கே (5 கிலோமீட்டர்) நேரம். நான்கும் இருந்த கடிதங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கே: 11ஆம் வகுப்பு படிக்கும் என் மகன் ஹோம்டெல் பார்க்கில் 17:10 ஓடினான். இல்லினாயில் இருக்கும் என் அண்ணன் மகன் பியோரியாவில் 15:20. கிட்டத்தட்ட இரண்டு நிமிட வித்தியாசம். இவனுக்குத் தனி கோச் வைக்கலாமா? (எடிசன், நியூஜெர்சி)

ப: இரண்டும் ஒரே தூரம் இல்லை என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லையா? பியோரியாவில் உள்ள டெட்வைலர் பார்க் 3 மைல். தட்டையான தரை, வேகத்துக்குப் பேர்போன இடம். ஹோம்டெல் 5 கிலோமீட்டர். கிளம்பும்போதே ஏற்றம். அதன்பிறகு 'பௌல்' என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கிண்ணத்துக்குள் இறங்கி, ஏறி வர வேண்டும். கூடுதலாக இருக்கும் பத்தில் ஒரு மைலுக்கே அரை நிமிடத்துக்கு மேல் போய்விடும். மேட்டுக்கு இன்னொரு அரை நிமிடம் வையுங்கள். மிச்சம் முக்கால் நிமிடம். அண்ணன் மகன் வேகமானவன்தான், ஆனால் நீங்கள் பயந்த அளவுக்கு இல்லை.

கல்லூரி கோச்சுகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் மனப்பாடம். ஆனாலும் அவர்கள் கடைசியில் கேட்பது வசந்தகால 3200 நேரத்தைத்தான். ட்ராக் எந்த ஊரிலும் 400 மீட்டர். தனி கோச் வேண்டாம். ஏப்ரலில் நல்ல போட்டி ஒன்றில் 3200 ஓட வையுங்கள்.

கே: என் பையன் ரொம்ப நன்றாக ஓடுவான். எந்த காலேஜில் எடுப்பார்கள்? (சான் ஹோசே)

ப: வகுப்பு இல்லை, நேரம் இல்லை, ஜி.பி.ஏ. இல்லை. இதை வைத்துக்கொண்டு எந்தக் கோச்சும் பதில் சொல்ல முடியாது. நான்கு விவரமும் சேர்த்துத் திரும்ப அனுப்புங்கள். பையனையே எழுதச் சொன்னால் இன்னும் நல்லது.

கே: ஸ்பைக்ஸ் முள் எவ்வளவு நீளம் போடலாம்? (ரிச்மண்ட்)

ப: காய்ந்த தரைக்குக் கால் அங்குலம், சேற்றுக்கு அரை அங்குலம் வரை. புது ஷூவைப் போட்டி நாளில் முதன்முதலாக மாட்டாதீர்கள்.

கே: மகன் அணியில் 6ஆவது ஆள். முதல் ஐந்து பேர் இடம்தான் கணக்கில் வருகிறது என்றால் இவன் ஓடி என்ன பயன்? (ஷார்லட்)

ப: இதை அவன் காதில் விழும்படி சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். 6ஆவது ஆள் எதிரணியின் 5ஆவது ஆளை முந்தினால், அந்த அணியின் கணக்கில் ஒரு புள்ளி ஏறுகிறது. எத்தனையாவதாக வந்தார்களோ அதுவே புள்ளி; ஐவரின் புள்ளியைக் கூட்டி, குறைந்த புள்ளி ஜெயிக்கும் விளையாட்டில் அது பெரிய விஷயம். இரண்டு அணிகள் சமமாக முடித்தால், பள்ளி விதிப்படி 6ஆவது ஆளை வைத்துத்தான் வெற்றியை முடிவு செய்கிறார்கள். ஐந்தில் ஒருவருக்கு நடுவில் கால் பிசகினால் அவன் இடமே கணக்கில் வரும்.

கே: 3200இல் மகனின் நேரம் 9:35. டிவிஷன் 1இல் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா? (பிளேனோ, டெக்சாஸ்)

ப: கிடைக்காது. வருத்தமாக இருக்கும், ஆனால் இந்த எண்ணத்தோடு வீட்டு பட்ஜெட் போடும் குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பில் மூன்று டிவிஷன், 1தான் மேல்தட்டு. அங்கே பல வருடமாக ஒரு கல்லூரிக்கு ஆண்கள் பக்கம் இருந்த உச்சவரம்பு 12.6 ஸ்காலர்ஷிப், பெண்களுக்கு 18. அது கிராஸ் கன்ட்ரிக்கு மட்டும் இல்லை. 100 மீட்டர் ஓடுபவர், உயரம் தாண்டுபவர், குண்டு எறிபவர் எல்லோருக்கும் சேர்த்து, நான்கு வகுப்புகளுக்கும் சேர்த்து. அதைத் துண்டு போட்டுத்தான் கொடுத்தார்கள். கல்லூரி விளையாட்டு வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மீது போட்ட ஹவுஸ் வழக்கில், 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற சமரசத்துக்குப் பிறகு, அதில் சேர்ந்த கல்லூரிகளில் அந்த வரம்பு போய், அணியில் இத்தனை பேர்தான் என்ற வரம்பு வந்திருக்கிறது. கிராஸ் கன்ட்ரிக்கு 17. உச்சவரம்பு போனதால் பணம் கொட்டும் என்று நினைக்காதீர்கள். பல இடங்களில் நடந்தது நேர்மாறு: உங்கள் மகனைப் போல 9:35, 9:40 ஓடி வாக்-ஆனாக (ஸ்காலர்ஷிப் இல்லாமல்) சேர்ந்து, இரண்டு வருடம் உழைத்து மேலே வரும் பையன்களுக்கு இருந்த இடம் சுருங்கிவிட்டது.

ஹார்வர்ட், யேல் போன்றவை இருக்கும் ஐவி லீகில் விளையாட்டு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. டிவிஷன் 3இலும் கிடையாது. மதிப்பெண்ணுக்கும் குடும்ப வருமானத்துக்கும் கிடைக்கும் உதவிதான் பெரும்பாலான வீடுகளில் கட்டணத்தைக் குறைக்கும். அந்தக் கணக்கை முதலில் போடுங்கள்.

கே: மூவாயிரம் டாலர் கட்டினால் நூறு கோச்சுகளுக்கு ப்ரொஃபைல் அனுப்புகிறோம் என்கிறார்கள். கட்டலாமா? (அட்லாண்டா)

ப: வேண்டாம். இது நேரத்தால் அளக்கும் விளையாட்டு. உங்கள் பிள்ளையின் ஒவ்வொரு ஓட்டமும் முடிவுப் பட்டியலில் எல்லோரும் பார்க்கும்படி கிடக்கிறது. ஓடுபவரே எழுதும் ஒரு மெயில் இலவசம்.

கே: 9ஆம் வகுப்பில் என் மகள் 5கே 18:40 ஓடினாள். இப்போது 11ஆம் வகுப்பு, 19:30 ஆகிவிட்டது. உயரமும் எடையும் கூடியிருக்கிறது. நாங்கள் சைவம். இரவில் சோற்றை நிறுத்தி சாலட் மட்டும் தருகிறோம். கோச்சுகள் பார்க்கும் வருடம் இதுதான் என்பதால் கவலை. வேறு என்ன குறைக்கலாம்? (ஃப்ரீமான்ட், கலிஃபோர்னியா)

ப: இன்றைக்கு ராத்திரியே சோற்றைத் தட்டில் வையுங்கள். மீதியை அதற்குப் பிறகு படிக்கலாம்.

உங்கள் மகள் வளர்ந்திருக்கிறாள். 14 வயதில் சின்னப் பிள்ளை உடம்போடு ஓடியவள் இப்போது பெண்ணுடம்போடு ஓடுகிறாள். உடம்பின் அமைப்பு மாறும்போது கால்களும் ஓட்டமும் அதற்குப் பழக ஒன்றிரண்டு வருடம் ஆகும். அதுவரை நேரம் நிற்கும், சிலருக்குப் பின்னாலும் போகும். அதைப் பொறுமையாகக் கடந்தவர்கள் 12ஆம் வகுப்பிலோ கல்லூரியிலோ மறுபடி வேகம் பிடிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பெண்கள் அணி நடத்தும் எந்த நல்ல கோச்சுக்கும் இது தெரியும். 9ஆம் வகுப்பில் உச்சத்தைத் தொட்டு அப்படியே மெலிந்து நிற்கும் பெண்ணைப் பார்த்தால்தான் அவர்கள் யோசிப்பார்கள்.

சாப்பாட்டைக் குறைத்தால் முதல் சில வாரம் நேரம் இறங்கக்கூடும். அதனால்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ஓடுவதற்கும் வளர்வதற்கும் சேர்த்துச் சக்தி போதவில்லை என்றால் உடம்பு ஒவ்வொரு வேலையாக நிறுத்தும். மாதவிடாய் தள்ளிப்போகும், பிறகு நிற்கும். எலும்பு மெலியும். ஆயுளுக்கும் வேண்டிய எலும்பு வலுவில் பெரும்பகுதி சேர்வது இந்த வயதில்தான். இதற்கு ரெட்-எஸ் என்று பெயர் வைத்து, 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியே எச்சரிக்கை அறிக்கை வெளியிட்டது. மகளுக்கு மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று அம்மா இன்று கேட்கட்டும். மூன்று மாதம் வரவில்லை என்றால் டாக்டரிடம் போங்கள். ஓடுகிற பெண்களுக்கு அப்படித்தான் என்று யார் சொன்னாலும், அணியின் கோச்சே சொன்னாலும், கேட்காதீர்கள்.

அடுத்து இரும்புச்சத்து. சைவம், மாதவிடாய், வாரம் முப்பது மைல் ஓட்டம் மூன்றும் சேர்ந்த பெண்ணுக்கு அது குறைவதில் ஆச்சரியம் இல்லை. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும், ஆனால் சேமிப்பு தரைதட்டியிருக்கும். ஆகவே ஃபெரிட்டின் பரிசோதனை வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், இரும்பு மிஞ்சினாலும் கெடுதிதான். பருப்பு, கொண்டைக்கடலை, முருங்கைக்கீரை, கூடவே எலுமிச்சைச் சாறு. காப்பியும் டீயும் சாப்பாட்டோடு வேண்டாம், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கட்டும். பிராக்டிஸ் முடிந்து காரில் ஏறியதும் ஒரு டப்பா தயிர்சாதம். ராத்திரி மறுபடி முழுச் சாப்பாடு.

நான் துணைக் கோச்சாக இருந்த அணியில் ஒரு பெண் 10ஆம் வகுப்பிலேயே கவுண்டியில் இரண்டாவதாக வந்தாள். வீட்டில் தராசு வாங்கினார்கள். 11இல் கீழ்க்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், 12இல் இடுப்பில். அவளை விரும்பிய கல்லூரி கோச் போனில் முதலில் கேட்டது எத்தனை முறை எலும்பு விட்டது என்றுதான். தட்டில் என்ன இருக்கிறது என்று நான் அந்த வீட்டில் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது என் தவறு. அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கே: 10ஆம் வகுப்பு படிக்கும் மகனுக்காக 60 கோச்சுகளுக்கு மெயில் போட்டேன். இரண்டே பதில், அதுவும் கேள்விப் படிவம். என்ன தவறு? (கேரி, வட கரோலினா)

ப: தவறு இரண்டு. முதலாவது, டிவிஷன் 1 கோச்சுகள் 10ஆம் வகுப்பு முடிந்து ஜூன் 15 வரும்வரை தனிப்பட்ட பதில் எழுத விதி இடம் தராது. படிவம் அனுப்பலாம், அனுப்பியிருக்கிறார்கள். கல்லூரியின் அழைப்பின் பேரில் நேரில் போய்ப் பார்ப்பது 11ஆம் வகுப்புக்கு முந்தைய ஆகஸ்ட் 1இலிருந்து.

இரண்டாவதுதான் பெரிய தவறு. எழுதியது நீங்கள். அந்தக் கோச் நான்கு வருடம் பழகப்போவது மகனோடு. அப்பா எழுதிய மெயிலைப் பார்த்ததும், பையனுக்கு ஆசை இருக்கிறதா இல்லையா என்ற சந்தேகம் வந்துவிடும். பிள்ளையே எழுதட்டும். தலைப்பில் பெயர், பள்ளி முடிக்கும் வருடம், 1600, 3200 நேரம். உள்ளே ஏழெட்டு வரி போதும்: ஜி.பி.ஏ., என்ன படிக்க ஆசை, வாரம் எத்தனை மைல் ஓடுகிறான், ஏன் அந்தக் கல்லூரி. வாரம் 30 மைலில் 9:50 ஓடும் பையன், 65 மைலில் 9:40 ஓடுபவனைவிடக் கோச்சின் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவான். இன்னும் வளர இடம் இருக்கிறது.

என்.சி.ஏ.ஏ. கேட்கும் 16 கோர் பாடங்களில் பத்தை 12ஆம் வகுப்பு தொடங்கும் முன் முடிக்க வேண்டும். அந்தப் பட்டியலையும் அவனே பள்ளியின் கவுன்சிலரோடு (படிப்பு ஆலோசகர்) உட்கார்ந்து சரிபார்க்கட்டும்.

கே: டிவிஷன் 3 என்றால் மூன்றாம் தரம்தானே? (நேப்பர்வில்)

ப: நேப்பர்விலில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் ஊர் நார்த் சென்ட்ரல் கல்லூரி, ஆல் கேரியஸ் என்பவர் கோச்சாக இருந்த காலம் தொட்டு இந்த நாட்டில் தூர ஓட்டத்துக்குப் பேர்போன இடம், டிவிஷன் 3. 2022இல் ஆண்கள் டிவிஷன் 3 கிராஸ் கன்ட்ரி பட்டம் எம்.ஐ.டி.க்கு. பெண்கள் பக்கம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் திரும்பத் திரும்ப ஜெயித்திருக்கிறது. பணம் கிடையாது, ஆனால் 11ஆம் வகுப்பு முடிந்த கோடையில் மதிப்பெண் பட்டியலை வாங்கி, அட்மிஷன் ஆபீஸில் முன்கூட்டியே காட்டிப் பார்க்கும் கோச்சுகள் பலர் உண்டு. டிவிஷன் 2வையும் குறைவாக நினைக்க வேண்டாம். கொலராடோ மலையில் இருக்கும் ஆடம்ஸ் ஸ்டேட், 1992 தேசியப் போட்டியில் முதல் ஐந்து இடத்தையும் பிடித்து 15 புள்ளி எடுத்தது. அதற்குக் கீழே புள்ளி எடுக்க வழியே இல்லை.

கே: மாநிலப் போட்டியில் மகள் 48ஆவது. நைக்கி ரீஜனலுக்கு விமானம் ஏறிப் போகலாமா? கோச்சுகள் பார்ப்பார்களாமே. (டெலவேர்)

ப: அணியோடு போகிறாள், அவளுக்கு ஆசை என்றால் போகட்டும். கோச்சுகளுக்காக என்றால் வேண்டாம். ஆகஸ்டிலிருந்து ஓடும் கால், இரண்டு வாரம் ஓய்வு கொடுங்கள். அந்த ரீஜனலில் தேறுபவர்கள் போவது நைக்கியின் தேசியப் போட்டிக்கு; 2004இல் தொடங்கிய அதன் உயிரே அணிதான். பள்ளிப் பெயரில் ஓட முடியாது, கிளப் பெயரில்தான் ஓடுவார்கள். நியூயார்க்கின் ஃபேயட்வில்-மான்லியஸ் பெண்கள் 2006 முதல் 2012 வரை தொடர்ந்து ஏழு முறை ஜெயித்தது, ஐந்து பேர் கொத்தாக வந்து சேர்ந்ததால்.

கே: கோயம்புத்தூரில் அக்கா மகன் 5000 மீட்டர் 15:10 ஓடுகிறான். பிளஸ் டூ முடித்து ஒரு வருடம் ஆகிறது. இங்கே கூட்டி வரலாமா? (ஃபீனிக்ஸ்)

ப: வெளிநாட்டிலிருந்து டிவிஷன் 1க்கு வருபவர்கள் பொதுவாக 14:20க்குள் ஓடுகிறார்கள். டிவிஷன் 2, என்.ஏ.ஐ.ஏ. (என்.சி.ஏ.ஏ. அல்லாத இன்னொரு கல்லூரி விளையாட்டு அமைப்பு) கல்லூரிகளுக்கு அவன் எழுதிப் பார்க்கலாம். கையால் அழுத்திய ஸ்டாப்வாட்ச் நேரம் செல்லாது, சங்கம் நடத்திய போட்டியின் முடிவுப் பட்டியல் வேண்டும். பள்ளி முடித்து வருடக்கணக்கில் காத்திருந்தால் ஆடும் தகுதி குறையலாம், ஆகவே தாமதம் வேண்டாம். அவனே எழுதட்டும்.

கே: நான் 10ஆம் வகுப்பு. 1600 5:32, 3200 11:58, ஹோம்டெல் 21:05, ஜி.பி.ஏ. 3.9. எங்கள் அப்பா எல்லா மீட்டுக்கும் வந்து ஒவ்வொரு மைலிலும் ஸ்ப்ளிட் (அதுவரை ஆன நேரம்) கத்துகிறார். கேட்டாலே கால் இறுகிவிடுகிறது. எப்படிச் சொல்வது? (மாணவி, நியூஜெர்சி)

ப: நான்கு விவரத்தோடும் எழுதியதற்கு நன்றி, கண்ணு. போட்டி நாள் காலையில் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை அப்பா நிதானமாக இருக்கும்போது, "ஸ்ப்ளிட் எனக்கு வேண்டாம்ப்பா, ஆனால் நீங்க வரணும்" என்று இரண்டையும் சேர்த்தே சொல். பிறகு அவருக்கு ஒரு வேலை கொடு. இரண்டாவது மைலில் நின்று, உங்கள் அணியின் 5ஆவது ஆள் எத்தனையாவதாகப் போகிறாள், எதிரணியின் 5ஆவது ஆள் எத்தனையாவது என்று எண்ணி உங்கள் கோச்சிடம் ஓடிப்போய்ச் சொல்லட்டும். எங்கள் அணியில் அந்த எண்ணைச் சரியாகச் சொல்ல எப்போதும் ஒரு ஆள் குறைவாகத்தான் இருந்தது.