மூன்று வாத்தியம் வாசிக்கும் மகனைப் பற்றி ஒரு தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வயலினில் தொடங்கிய தங்கள் மகன் பாஞ்சோ என்ற தந்தி வாத்தியத்துக்கும் பிறகு கிட்டாருக்கும் தாவி, இப்போது பொறியியலை விட்டு ப்ளூகிராஸ் என்னும் அமெரிக்கத் தந்தி வாத்திய இசையைப் படிக்கப் போவதாகச் சொல்வதையும், எதிலும் நிலைக்காமல் போய்விடுவானோ என்ற தங்கள் கவலையையும் கடிதத்தில் படித்தேன். அவனிடம் பேசுவதற்கு முன் அமெரிக்க இசைக் கலைஞரும் பாடலாசிரியருமான ஜான் ஹார்ட்ஃபோர்டின் வாழ்க்கையைத் தாங்கள் அறிந்துகொள்வது நல்லது.

1937இல் நியூயார்க்கில் பிறந்து செயின்ட் லூயிஸில் வளர்ந்த அவரும் தங்கள் மகனைப் போலவே மருத்துவர் வீட்டுப் பிள்ளைதான். ப்ளூகிராஸ் மேதை எர்ல் ஸ்க்ரக்ஸின் பாஞ்சோ வாசிப்பில் மனத்தைப் பறிகொடுத்தவர். பதின்மூன்று வயதிற்குள் பாஞ்சோவும் பிடிலும் அவருக்குக் கைவந்திருந்தன. கல்லூரியில் வணிக ஓவியம் படித்தார், வானொலி அறிவிப்பாளராக இருந்தார், 1965இல் இசைத்தட்டுத் தொழிலின் மையமான நாஷ்வில்லுக்குக் குடிபெயர்ந்தார். 1968இல் தி பேர்ட்ஸ் என்ற ராக் குழு தன் ‘கன்ட்ரி’ பாணி இசைத்தட்டைப் பதிவு செய்தபோது, பாஞ்சோ, பிடில், கிட்டார் மூன்றுக்கும் அவரை அழைத்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓர் ஆளே மூன்று இருக்கைகளை நிரப்புவது பெரிய வசதி. எனவே தாங்கள் தடுமாற்றம் என்று நினைப்பதை இந்தத் துறை தகுதியாகவே மதிக்கிறது.

ஆனால் அவருக்குச் சோறு போட்டது வாசிப்பு மட்டுமன்று. அவர் எழுதிய ‘ஜென்டில் ஆன் மை மைண்ட்’ பாடலை 1967இல் பாடகர் க்ளென் கேம்பல் பாடிப் புகழ்பெறச் செய்தார். அமெரிக்காவில் சாதாரண வானொலி ஒரு பாடலை ஒலிபரப்பினால், உரிமத்தொகை பாடலை இயற்றியவருக்கும் அதன் பதிப்பாளருக்கும்தான் சேரும். பாடியவருக்கோ வாசித்தவருக்கோ சேராது. அந்த ஒரு பாடலின் வருமானம் தந்த தைரியத்தில்தான், தொலைக்காட்சிப் புகழை விட்டு விலகி, 1971இல் ‘ஏரியோ-ப்ளெய்ன்’ போன்ற விற்பனையாகாத, ஆனால் ப்ளூகிராஸின் புது வடிவமான நியூகிராஸ் பாணிக்கு முன்னோடியாகப் பின்னாளில் கொண்டாடப்பட்ட இசைத்தட்டை அவரால் செய்ய முடிந்தது. அப்படியொரு பாடல் எல்லோருக்கும் வாய்க்காது. அதை நம்பித் திட்டமிடும்படி எந்த மாணவனுக்கும் நான் சொல்லமாட்டேன். எழுதும் பாடலின் உரிமையைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் இப்போதே வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. மிசிசிப்பி ஆற்றின் மீதிருந்த காதலால் அவர் நீராவிப் படகு செலுத்தும் உரிமம் பெற்று, இசை நிகழ்ச்சிகளுக்கிடையே படகும் ஓட்டினார். 1976இல் வெளிவந்த அவருடைய ‘மார்க் ட்வேங்’ இசைத்தட்டு அந்த ஆற்று வாழ்விலிருந்தே பிறந்து, கிராமி விருதும் பெற்றது. இரண்டாம் தொழில் இசைக்கு இடைஞ்சலாக வேண்டியதில்லை என்பதைத் தங்கள் மகனுக்கு நான் இதைக் கொண்டே சொல்வேன்.

தாங்கள் வசிக்கும் டென்னசியிலேயே, ஜான்சன் சிட்டியில் உள்ள கிழக்கு டென்னசி மாநிலப் பல்கலைக்கழகம் 1982 முதல் ப்ளூகிராஸைப் பாடமாகக் கற்பித்து வருகிறது. மாநிலத்தவருக்குக் கட்டணமும் குறைவு. ஒலிப்பதிவுத் தொழில்நுட்பத்தையோ கணக்கியலையோ துணைப்பாடமாக எடுக்க அவன் ஒப்புக்கொள்வானா என்று கேளுங்கள். அடுத்த சந்திப்புக்கு, அவன் சொந்தமாக எழுதிய இரண்டு பாடல்களைப் பதிவு செய்து கொண்டுவரச் சொல்லுங்கள். தாங்களும் உடன் வாருங்கள்.