ஜார்ஜ் மைக்கனுக்காகக் கூடைப்பந்து விதி ஏன் மாற்றப்பட்டது?

கூடைக்குக் கீழே வண்ணம் பூசிய பகுதிக்கு 'லேன்' என்று பெயர். பந்து தங்கள் அணியிடம் இருக்கும்போது அதற்குள் ஒருவர் தொடர்ந்து 3 விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. 1951 வரை அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ போட்டிகளில் லேனின் அகலம் வெறும் 6 அடி. மினியாபோலிஸ் லேக்கர்ஸ் அணியின் ஜார்ஜ் மைக்கன் 6 அடி 10 அங்குலம். தடித்த கண்ணாடி போட்டே ஆடுவார். அவர் லேனுக்கு வெளியே கால் வைத்தபடியே கூடையருகில் பந்தை வாங்கி, திரும்பி, கொக்கிபோல் கையை வளைத்துப் போட்டுவிடுவார். தடுக்க வழியில்லை. கேரமில் குழியோரம் கிடக்கும் காயை யார் தட்டினாலும் விழும். தள்ளிக் கிடந்தால்தான் குறி தேவைப்படும். அதனால் லேனை 12 அடியாக அகலப்படுத்தி அவரைத் தள்ளி நிற்க வைத்தார்கள். அவர் எடுக்கும் புள்ளிகள் குறைந்தன. ஆனாலும் 1952, 1953, 1954 மூன்று ஆண்டும் கோப்பை லேக்கர்ஸுக்கே! எனக்கு அவர்மேல் மதிப்பு கூடியது இதனால்தான்.

உயரத்தால் மட்டுமே ஜெயித்தார் என்று பலர் நினைக்கிறார்கள், அது சரியல்ல. டீபால் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது அவர் தடுமாறும் பையன். பயிற்சியாளர் ரே மேயர் கயிறு தாண்டவும், குத்துச்சண்டை போடவும், நடனம் ஆடவும் வைத்துத்தான் அவரை ஆட்டக்காரராக்கினார்.