வீட்டுக்காரர் கவுன்சிலிங் வரமாட்டேங்கிறார், வண்டி வச்சு தூக்கிட்டுப் போகலாமா?

திருப்பூர் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் தினமும் குடிக்கிறார், பத்தாவது படிக்கிற பையன் அப்பாகூட பேசுறதையே நிறுத்திட்டான், குடும்ப கவுன்சிலிங் போலாம்னா "எனக்கென்ன பைத்தியமா"ன்னு கத்துறாராம். கவுன்சிலர் மூணு பேரும் சேர்ந்து வந்தாதான் பாப்பேங்கிறார். மாமனாரோ, தெரிஞ்ச ஆள் மூலமா குடியை நிறுத்த வைக்கிற ஒரு சென்டர்ல சொல்லி வண்டி வரவச்சுடலாம்ங்கிறார்.

முதல்ல அந்த கவுன்சிலரை மாத்துங்க. யாருக்கு மாற மனசே இல்லையோ அவர் வந்தாதான் ஆரம்பிப்பேன்னா எந்தக் காலத்துல ஆரம்பிக்கிறது? நீங்களும் பையனும் போங்க, போதும். 1999ல அமெரிக்காவுல, சிகிச்சைக்கே வரமாட்டேன்னு அடம்பிடிச்ச குடிநோயாளிகளோட சொந்தக்காரங்க 130 பேரை வச்சு ஒரு ஆராய்ச்சி பண்ணாங்க. வீட்ல எப்படி நடந்துக்கணும்னு குடும்பத்துக்கு மட்டும் பயிற்சி கொடுத்ததுல நூத்துக்கு 64 பேர் சிகிச்சைக்கு வந்தாங்க, எல்லாரும் கூடி உக்காந்து முகத்துக்கு நேரா சொல்ற முறையில 30 பேர்தான்.

அந்தப் பயிற்சியில பெரிய ரகசியம் ஒண்ணுமில்ல. குடிக்காத நேரத்துல அவர்கூட உக்காந்து சாப்பிடுங்க, பேசுங்க. குடிச்சுட்டு வந்தா சண்டை போடாம வேற ரூமுக்குப் போயிடுங்க. மறுநாள் கம்பெனிக்கு போன் போட்டு "அவருக்கு காய்ச்சல்"னு நீங்க பொய் சொல்லாதீங்க, அவரே பேசட்டும். கவுன்சிலிங்குக்கு கூப்பிடுறதுன்னா காலைல காபி குடிக்கும்போது கூப்பிடுங்க, "உங்க குடிக்காக"ன்னு வேண்டாம், "பையன் விஷயத்துல நீங்க என்ன நினைக்கிறீங்கன்னு கேக்கணுமாம், ஒரே ஒரு தடவை வாங்க"ன்னு. ஆனா அது நிஜமா இருக்கணும், உள்ள போனதும் குடிப்பேச்சை எடுத்தா அடுத்த தடவை வரவே மாட்டார். இதை கவுன்சிலர்கிட்ட முன்னாடியே பேசி வைங்க, முடிஞ்சா அவரையே நேரா உங்க வீட்டுக்காரருக்கு போன் பண்ணச் சொல்லுங்க.

இப்ப அந்த வண்டி விஷயம். தயவுசெஞ்சு வேண்டாம். நடு ராத்திரி நாலு பேர் வந்து கையைக் காலைக் கட்டித் தூக்கிட்டுப் போவாங்க, மூணு மாச பேக்கேஜ்னு முன்பணம் வாங்குவாங்க, அந்த "தெரிஞ்ச ஆளு"க்கு அதுல கமிஷன் போகும், போன்ல பேசக்கூட விடமாட்டாங்க. தினமும் குடிக்கிறவர் சட்டுனு நிறுத்தினா ரெண்டு மூணு நாள்ல வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அங்க பாக்க டாக்டர் இருப்பாரா? 2017 மனநலச் சட்டப்படி ஒருத்தரை சம்மதமில்லாம சேர்க்கணும்னா மனநல மருத்துவர் ஒருத்தரும் இன்னொரு மருத்துவரோ மனநல நிபுணரோ தனித்தனியா பரிசோதிச்சிருக்கணும், முதல் தடவை அதிகபட்சம் 30 நாள்தான். எந்த சென்டரா இருந்தாலும் மாநில மனநல ஆணையத்தோட பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்க, பேச்சை மாத்தினா எழுந்து வந்துடுங்க. அதே மாதிரி அவருக்குத் தெரியாம சாப்பாட்டுல கலக்குற பவுடரும் வேண்டாம், சிலதுல இருக்குற மருந்து மேல குடி விழுந்தா பிரஷர் இறங்கி ஆள் சரிஞ்சுடலாம்.

இந்த வண்டி ஆளுங்களும் பவுடர் ஆளுங்களும் பிழைக்கிறதுக்கு காரணமே நம்ம சிஸ்டம்தான். டாஸ்மாக் ராத்திரி பத்து மணி வரைக்கும் திறந்திருக்கு, அரசு ஆஸ்பத்திரி ஓபி மதியத்தோட முடிஞ்சுடுது. கம்பெனிக்குப் போற மனுஷன் எப்ப வருவார்? இதை எத்தனை மீட்டிங்ல சொல்லியாச்சு!

ஒரே ஒரு இடத்துல நான் மேல சொன்னதெல்லாம் மாறும். அவர் அடிப்பார்னா சேர்ந்து கவுன்சிலிங் போகவே போகாதீங்க. குடிச்சா மட்டும்தான் அடிப்பார், மத்தபடி தங்கம்னாலும் இதேதான். அடிக்கல, கழுத்தைத்தான் பிடிச்சார்னாலும், கதவைச் சாத்திட்டு மிரட்டினார்னாலும் இதேதான். உள்ள நீங்க உண்மையைச் சொன்னா திரும்பி வரும்போது பைக்லயே ஆரம்பிச்சுடும். அவர் முகத்தைப் பாத்துட்டு "இப்ப பரவால்லங்க"ன்னு சொன்னீங்கன்னா கவுன்சிலர் அதை அப்படியே எழுதி ஃபைலை மூடிடுவார். சமாதானமா போங்கன்னு யார் சொன்னாலும், அது உங்க அம்மாவே ஆனாலும், நீங்க தனியா மட்டும் போங்க. பெண்கள் உதவி எண் 181க்கு கூப்பிடுங்க, மாவட்ட சமூகநல அலுவலகத்துல பாதுகாப்பு அலுவலர் இருப்பாங்க, அவங்களைப் பாருங்க.

அடி உதை இல்லைன்னா இன்னைக்கே 14416க்கு போன் பண்ணுங்க, டெலி மானஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது. பையனையும் பேச வைங்க.