வெங்கட்டா, அஷ்வினா?

கேள்வி: என் மாமனாருக்கு 78 வயது. 1965-இல் சென்னை கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில், நியூசிலாந்துக்கு எதிராக வெங்கட்ராகவன் ஆடிய முதல் டெஸ்ட்டை நேரில் பார்த்தவர். என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்கு அஷ்வின் என்றால் உயிர். இருவரும் சேர்ந்துதான் மேட்ச் பார்ப்பார்கள். போன மாதம் பேச்சு முற்றிவிட்டது. "அஷ்வினுக்குப் பிட்ச் தயார் பண்ணிக் கொடுத்தாங்கடா" என்று இவர் சொல்ல, "உங்க வெங்கட்டோட சராசரி 36 தாத்தா, இன்னிக்கு இருந்தா டீமுக்கே வர முடியாது" என்று அவன் சொல்லிவிட்டான். அன்றிலிருந்து மாமனார் ஹாலுக்கே வருவதில்லை. யார் சொல்வது சரி? இவர்களை எப்படிச் சேர்த்து வைப்பது?

- ஒரு வாசகி, கும்பகோணம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேரான பதிலைச் சொல்லிவிடுகிறேன். விக்கெட் எடுக்கும் ஆஃப் ஸ்பின்னராக அஷ்வின்தான் பெரியவர். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் மகன் அதற்குச் சொன்ன காரணம் தப்பு. அந்தத் தப்பு உங்கள் மாமனாரை ஏன் அவ்வளவு தைத்தது என்பதும் எனக்குப் புரிகிறது.

வெங்கட்ராகவன் 57 டெஸ்ட்டில் 156 விக்கெட், சராசரி 36.11. (பந்துவீச்சில் சராசரி என்பது ஒரு விக்கெட்டுக்குக் கொடுத்த ரன்; குறைய குறைய நல்லது.) அஷ்வின் 106 டெஸ்ட்டில் 537 விக்கெட், சராசரி 24. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேச்சுக்கே இடமில்லை என்றுதான் தோன்றும். ஆனால் இந்த இரண்டு எண்களும் ஒரே ஆட்டத்தில் எடுத்தவை அல்ல. பெயர்தான் ஒன்று, விதி வேறு, அம்பயரின் கண் வேறு.

இதை விளக்க ஒரு பழைய கதை இருக்கிறது. 1957, இங்கிலாந்தின் எட்ஜ்பாஸ்டன் மைதானம். மேற்கிந்தியத் தீவுகளின் ராமதீன் முதல் இன்னிங்ஸில் 49 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்துவிட்டார். பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒருவருக்கும் பிடிபடவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் பீட்டர் மேயும் காலின் கவுட்ரியும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். முன்காலை நீட்டி, காலில் கட்டிய பேடால் பந்தை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே பேடில் பட்டால், மட்டையையே கொண்டுவராவிட்டாலும் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்ததற்கான அவுட்) கிடையாது என்பதுதான் அன்றைய விதி. இருவரும் சேர்ந்து 411 ரன் எடுத்தார்கள். அந்த ஒரு இன்னிங்ஸில் மட்டும் ராமதீன் 98 ஓவர் வீசினார். 98 ஓவர்! அந்த மனிதரின் விரல்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கஷ்டப்படும்.

வெங்கட் வளர்ந்து வந்தது இந்த விதியின் கீழேதான். ஆடாமல் பேடை நீட்டுகிறவருக்கு எதிராக விதி திரும்பியது 1970-களின் தொடக்கத்தில். அதற்குப் பிறகும் அம்பயர்களின் பழக்கம் லேசில் மாறவில்லை. நன்றாக முன்னால் வந்து ஆடுகிறவருக்குச் சந்தேகத்தின் பலன் போய்விடும். விரல் உயராது. பந்து போகும் பாதையைக் கணினி வரைந்து காட்டத் தொடங்கிய பிறகுதான், முன்காலில் பட்ட எத்தனை பந்துகள் நேராக ஸ்டம்புக்குப் போகின்றன என்று உலகத்துக்கே தெரிந்தது. அம்பயரின் தீர்ப்பை இப்படி மறுபரிசீலனை செய்யும் டிஆர்எஸ் முறை 2008-இல் சோதனையாக வந்தது. நம் கிரிக்கெட் வாரியம் வெகுநாள் அதை ஏற்கவில்லை, 2016 கடைசியில் இங்கிலாந்து இங்கே வந்தபோதுதான் ஒத்துக்கொண்டது. ஆகவே அஷ்வினும் தொடக்க வருடங்களில் டிஆர்எஸ் இல்லாமல்தான் இங்கே விக்கெட் எடுத்தார். ஆனால் அதற்குள் உலகம் முழுக்க அம்பயர்களின் கண் பழகிவிட்டிருந்தது. வெங்கட்டுக்கு அந்தக் காலம் வாய்க்கவில்லை.

இதை உங்கள் மகனிடம் சொல்லுங்கள். சொன்ன கையோடு உங்கள் மாமனாரிடமும் சில விஷயங்களைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வெங்கட்டின் காலத்து பேட் இன்றைய பேட்டுக்குப் பக்கத்தில் நிற்காது. இன்று பேட்டின் ஓரம் எவ்வளவு தடித்துவிட்டது என்றால், 40 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று 2017-இல் விதியே போட வேண்டி வந்தது. எல்லைக்கோடு கயிறாகி உள்ளே வந்துவிட்டது. டி20 ஆடிப் பழகிய கை, ஆஃப் ஸ்பின்னரை முதல் ஓவரிலேயே தூக்கி அடிக்கத் தயங்காது. அந்தக் கைகளுக்கு எதிராகத்தான் அஷ்வின் 24 என்ற சராசரியை வைத்திருந்தார்.

பிட்ச் விஷயத்தில் பெரியவர் சொல்வதில் உண்மை உண்டு. அஷ்வினின் 537 விக்கெட்டில் 383 இந்திய மண்ணில் எடுத்தவை. அதே பிட்சில் அவரோடு சேர்ந்து வீசிய ஜடேஜாவின் சராசரியும் ஏறக்குறைய அஷ்வினுடையதை ஒட்டித்தான் இருக்கிறது. பந்து திரும்பும் பிட்ச் கிடைத்தது, உண்மைதான். ஆனால் கிடைத்த பிட்சில் ஐந்து விக்கெட்டை 37 முறை எடுப்பதற்கு வேறு ஏதோ வேண்டும். தெரு டென்னிஸ் பந்தில் நம் பிள்ளைகள் வீசும் சொடுக்குப் பந்தை டெஸ்ட் மைதானத்துக்குக் கொண்டுபோய் வீசினாரே, அந்தத் துணிச்சலைப் பிட்ச் கொடுக்காது.

காலம் தாண்டி ஒப்பிட எனக்குத் தெரிந்த நியாயமான வழி ஒன்றுதான். ஒருவரை அவர் காலத்தில் அவரோடு ஆடியவர்களுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்ப்பது. பிராட்மேனின் பேட்டிங் சராசரி 99.94 (பேட்டிங்கில் கூடக் கூட நல்லது) ஏன் வாதமே இல்லாமல் நிற்கிறது? நீண்ட காலம் ஆடிய மற்ற மேதைகள் எல்லாரும் 60-க்கு முன்னும் பின்னுமாக நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் தனியாக நிற்கிறார்.

அதே முறையில் வெங்கட்டைப் பார்த்தால் உங்கள் மாமனாருக்கு வருத்தமாகத்தான் இருக்கும். அவர் காலத்து இந்திய ஸ்பின்னர்கள் மற்ற மூவர். அவர்களில் இன்னொரு ஆஃப் ஸ்பின்னரான பிரசன்னா 49 டெஸ்ட்டில் 189 விக்கெட், சராசரி 30. பேடி, சந்திரசேகர் இருவரும் 30-க்குக் கீழே. அந்த நால்வரில் டெஸ்ட் கணக்கில் வெங்கட் கடைசிதான். இதை மறைக்க எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அவருக்கு விட்டுவிட்டுத்தான் ஆட்டம் கிடைத்தது. 18 வருடத்தில் 57 டெஸ்ட். அஷ்வினுக்கு 13 வருடத்தில் 106. நால்வரும் ஒன்றாக ஆடியது ஒரே ஒரு டெஸ்ட், 1967-இல் அதே எட்ஜ்பாஸ்டனில். மற்ற நாட்களில் ஆஃப் ஸ்பின்னருக்கு ஓர் இடம் என்றால், பிரசன்னாவா வெங்கட்டா என்ற கேள்விதான். 1974 டிசம்பரில் நடந்ததைப் பாருங்கள். டெல்லி டெஸ்ட்டில் வெங்கட் இந்தியாவின் கேப்டன். அடுத்த கல்கத்தா டெஸ்ட்டில் அவர் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டுபோகிறவர். அப்படியும் தாங்கிக்கொண்டு 1983 வரை ஆடினார். டெஸ்ட்டும் உள்நாட்டுப் பல நாள் ஆட்டங்களும் சேர்ந்த முதல்தரப் போட்டிகளில் 1,390 விக்கெட். அங்கே அவர் சராசரி 24-ஐ ஒட்டி இருக்கிறது என்பதை உங்கள் மகனே போனில் தேடிப் பார்க்கட்டும். 1971-இல் மேற்கிந்தியத் தீவுகளில் இந்தியா முதன்முதலாகத் தொடரை வென்றபோது கவாஸ்கரின் 774 ரன்னை எல்லாரும் சொல்வார்கள். அந்தத் தொடரில் நம் பக்கம் அதிக விக்கெட் எடுத்தவர் வெங்கட், 22. டீமுக்கே வரமுடியாத ஆளா அவர்?

இங்கேதான் உங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகனுக்கும் இதே வலி தெரியும். 2021-இல் இங்கிலாந்தில் நடந்த நான்கு டெஸ்ட்டிலும் அஷ்வினை உட்கார வைத்தார்கள். 2023-இல் ஓவல் மைதானத்தில் உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் அவர் இல்லை. அன்று அவன் எப்படிக் கொதித்திருப்பான் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும். கல்கத்தா செய்தியை ரேடியோவில் கேட்ட அன்று தாத்தாவும் அப்படித்தான் கொதித்திருப்பார். இருவரும் சென்னைப் பிள்ளைகள், இருவரும் இன்ஜினியரிங் படித்தவர்கள், இருவரும் ஆஃப் ஸ்பின்னர்கள், இருவரையும் வெளியே உட்கார வைத்தார்கள். பேரனும் தாத்தாவும் ஒரே ஆளைத்தான் இரண்டு பெயரில் நேசிக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

உங்கள் மகன் முதலில் போய் மன்னிப்புக் கேட்கட்டும். அஷ்வின் பெரியவர் என்று சொன்னதற்காக அல்ல, "டீமுக்கே வர முடியாது" என்ற அந்த ஒரு சொல்லுக்காக. அதை நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள், அவனே போக வேண்டும். போகும்போது ஒரு கேள்வியோடு போகட்டும்: "டெல்லில கேப்டன், கல்கத்தால தண்ணி தூக்குறவர், அது எப்படி தாத்தா?" அதற்கப்புறம் அவன் பேச வேண்டியிருக்காது.

அடுத்த டெஸ்ட் வரும்போது ஹாலில் மாமனாருக்கு ஒரு வேலை கொடுங்கள். அவர்தான் 1965-ஆம் வருடத்து அம்பயர். ஸ்பின்னருக்கு எல்பிடபிள்யூ கிடைக்கும்போதெல்லாம், முன்காலில் பட்டதா, ஆஃப் ஸ்டம்புக்கு வெளியேவா என்று பார்த்து, அந்தக் காலத்தில் அவுட்டா இல்லையா என்று அவர் தீர்ப்புச் சொல்லட்டும். மகன் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளட்டும். தடித்த பேட்டின் ஓரத்தில் பட்டும் கயிற்றைத் தாண்டிப் போகிற பந்துகளை இன்னொரு பக்கத்தில் அவன் எழுதட்டும். ஐந்து நாள் முடிந்ததும் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்த்து எனக்கு எழுதுங்கள். எந்தப் பக்கம் நீளம் என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசையாக இருக்கிறது.