வாசகர் கேள்வி – பதில்: பழைய ராணுவ வண்டிகளும் வட சென்னையின் பருவங்களும்

புதுப்பித்த பழைய ராணுவ வண்டிகளை வைத்திருப்போர் அவற்றை எப்போது, எப்படி வெளியே எடுப்பது என்று கேட்டு எழுதிய கடிதங்களில், வட சென்னையிலிருந்து வந்தவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி (ராயபுரம்): எங்கள் தாத்தா ஏலத்தில் வாங்கிய 1944-ஆம் ஆண்டு வில்லிஸ் ஜீப்பை முழுமையாகப் புதுப்பித்துவிட்டேன். ஆண்டில் எந்த மாதங்களில் இதை வெளியே எடுக்கலாம்? மற்ற மாதங்களில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தால் போதுமா?

பதில்: போதாது. உங்கள் பக்கத்தில் ஓடித் தேய்ந்த வண்டிகளைவிட நின்றே துருப்பிடித்த வண்டிகள்தான் அதிகம் என்பதை எந்த டிங்கர் பட்டறையில் கேட்டாலும் சொல்வார்கள். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை கடற்காற்று உப்போடுதான் வீசுகிறது. தார்ப்பாய் மழையைத் தடுக்கும் என்றாலும், தரையிலிருந்து எழும் ஈரத்தை வெளியே விடாமல் உள்ளேயே தேக்கிவிடும். வில்லிஸ் ஜீப்பில் இந்த ஈரம் தங்குவதற்கென்றே ஓர் இடம் அமைந்திருக்கிறது. தரைத் தகட்டுக்கு அடியில் தொப்பி போல மடித்த குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றன. அவற்றுக்குள் மரக்கட்டைகளைச் செருகியே தொழிற்சாலையிலிருந்து வண்டிகளை அனுப்பினார்கள். அந்த மரம் உறிஞ்சிய ஈரம் எளிதில் காயாது. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும்போதே அடியில் தகடு அரித்துக்கொண்டிருக்கும். வண்டிக்கு அடியில் குனிந்து ஸ்க்ரூடிரைவரின் பிடியால் அந்தச் சட்டங்களை வரிசையாகத் தட்டிப் பாருங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்துப்போனது சொத்தென்று ஒலிக்கும். கொட்டகைக்குக் கூரை இருக்குமானால் தார்ப்பாயை எடுத்துவிட்டு, தூசிக்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்றை மட்டும் போர்த்துங்கள்.

இனி மாதக் கணக்கு. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழிப் பிற்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை உள்ள காலமே நீண்ட பயணங்களுக்கு உரியது. காற்றில் சூடு இல்லை, சாலையில் தண்ணீர் தேங்கியிருப்பதில்லை, திறந்த வண்டியில் உட்கார்ந்து போவோருக்கும் சுகம். பங்குனி தொடங்கிவிட்டால் காலை ஒன்பது மணிக்குள் வீடு திரும்பும்படி கிளம்ப வேண்டும். கத்திரி வெயிலில் வேலை இருந்தாலொழிய வண்டியை எடுக்காதீர்கள். ஆடியிலும் ஆவணியிலும் மாலை நேரத்தில் திடீரென இடியோடு மழை கொட்டும் என்பதால், அந்த மாதங்களில் காலைப் பொழுதே நம்பத்தக்கது. ஐப்பசி, கார்த்திகையில் வெளியூர்ப் பயணம் கூடவே கூடாது. ஆயினும் மழை விட்டுச் சாலை காய்ந்திருக்கும் நாளில், எஞ்சின் ஆயில் நன்றாகச் சூடேறும் வரை, அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வந்து நிறுத்துங்கள்.

கொட்டகைக்குள்ளேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைப்பது இதற்கு ஈடாகுமா என்று பலரும் கேட்கிறார்கள். ஈடாகாது என்பதோடு, அது கெடுதலும்கூட. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் நீராவி, எஞ்சின் முழுச் சூட்டை எட்டாத நிலையில் சைலன்சருக்குள்ளும் எஞ்சினுக்கு அடியில் ஆயில் தங்கும் சம்ப்பிலும் தண்ணீராகப் படிந்து அங்கேயே தங்கிவிடுகிறது. போதாக்குறைக்கு இந்த ஜீப்பின் மின்சாரம் ஆறு வோல்ட். ஒருமுறை செல்ஃப் அடித்ததில் செலவான சார்ஜை டைனமோ திருப்பிக் கொடுப்பதற்குள் நீங்கள் எஞ்சினை அணைத்துவிடுகிறீர்கள்.

கேள்வி (தண்டையார்பேட்டை): புதுப்பித்த ஜீப்புக்கு ராணுவப் பச்சை நிறம் அடிக்க விரும்புகிறேன். பெயிண்டர் மறுக்கிறார். நம்பர் பிளேட்டில் பழைய ராணுவ எண்ணையே எழுதிக்கொள்ளலாமா?

பதில்: உங்கள் பெயிண்டர் சட்டம் தெரிந்தவர், அவரை விட்டுவிடாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-ஆம் விதி, பாதுகாப்புத் துறைக்குச் சொந்தமான வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை நிறம் பூசக் கூடாது என்று கூறுகிறது. வண்டி உண்மையிலேயே போர்முனைக்குப் போய் வந்ததாக இருக்கலாம். ஆனால் ஏலத்தில் உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து அது தனியார் வண்டிதான். மணல் நிறமோ சாம்பலோ, ஆலிவ் என்ற ஐயத்துக்கு இடம் தராத வேறொரு நிறமோ அடித்து, அந்த நிறத்தை ஆர்.சி. புத்தகத்திலும் பதிய வையுங்கள். மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும் ராணுவ எண் இன்றைய ராணுவ வண்டிகளுக்கும் உரிய அடையாளம் என்பதால் அதையும் எழுதக் கூடாது. அந்த எண்ணை வண்டியின் வரலாறாகக் காட்ட விரும்பினால், கண்காட்சியில் வண்டியின் அருகே ஒரு பலகையில் எழுதி வையுங்கள், வண்டிமேல் வேண்டாம்.

முதல் பதிவு நடந்து 50 ஆண்டுகள் கடந்த, முக்கிய மாற்றங்கள் செய்யப்படாத, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கென்று 2021-இல் தனி விதிகள் வந்தன. அவற்றின்படி புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். மறுபதிவுக்கு 5,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துகளுக்கு அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். ஏற்கெனவே முறையான பதிவு உள்ள பழைய வண்டி தன் பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம். எனினும் இந்தப் பிரிவில் பதிவான வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, பழைய வண்டிகளின் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் ஆகியவற்றுக்காக மட்டுமே சாலைக்கு வரலாம். ஞாயிறுதோறும் குடும்பத்தோடு சுற்றிவர நினைப்பவர்கள் இந்த நிபந்தனையைப் படித்த பிறகே விண்ணப்பிக்க வேண்டும். சாதாரணப் பதிவை ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு போவதே அவர்களுக்கு ஏற்றது என்பது என் கருத்து.

கேள்வி (திருவொற்றியூர்): என்னிடம் 1980-களைச் சேர்ந்த ஜோங்கா என்ற ராணுவ ஜீப் இருக்கிறது. குளிர்காலத்தில் குறையே சொல்ல முடியாதபடி ஓடுகிறது. சித்திரை பிறந்துவிட்டால் எண்ணூர் விரைவுச் சாலையில் பாதி வழியில் நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் கழித்துத் தானாகவே ஸ்டார்ட் ஆகிறது. கார்புரேட்டரை மூன்று மெக்கானிக்குகள் கழற்றி மாட்டிவிட்டார்கள்.

பதில்: கார்புரேட்டரின்மேல் குற்றமில்லை, நான்காவது மெக்கானிக்கிடம் அதைக் கழற்றக் கொடுக்காதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்குப் பட்டறையில் ‘ஏர்லாக்’ என்று பெயர். குழாயில் அடைத்துக்கொள்வது காற்றன்று, ஆவியாகிவிட்ட பெட்ரோல். ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில் நிசான் உரிமத்துடன் தயாரான ஜோங்காவில், ஏறத்தாழ நான்கு லிட்டர் கொள்ளளவுள்ள ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. பெட்ரோலை டேங்கிலிருந்து உறிஞ்சி இழுக்கும் பம்ப் எஞ்சினோடு ஒட்டியே இருப்பதால் எஞ்சினின் சூடு முழுவதும் அதில் ஏறுகிறது. வண்டி ஓடும்வரை காற்று அதைக் குளிர்விக்கும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசையில் சிக்கி, முதல் கியரில் நகர்ந்தும் நின்றும் போகும்போது அந்தக் காற்று கிடைக்காது. பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகிவிட, பம்ப் வெறும் ஆவியை இழுத்துக்கொண்டிருக்கும். சூடு தணிந்ததும் ஆவி மறுபடி திரவமாகிவிடுவதால் வண்டி ‘தானாகவே’ சரியாகிறது.

சாலையில் நின்றுவிட்டால் பானட்டைத் திறந்து, பம்ப்பின் மேலும் அதற்கு வரும் குழாயின் மேலும் நனைத்த துணியைச் சுற்றுங்கள். சில நிமிடங்களில் கிளம்பலாம். எஞ்சின் புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டில் மட்டும் தண்ணீரை ஊற்றாதீர்கள், வார்ப்பிரும்பு விரிசல் விடும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், குழாயை எக்ஸாஸ்டிலிருந்து விலக்கி, இடையில் ஒரு தகட்டுத் தடுப்பு வைக்கச் சொல்லுங்கள். டேங்க் அருகே மின்சார பம்ப் ஒன்றைச் சேர்ப்பது இதைவிட உறுதியானது. வண்டியின் பழமைத் தோற்றத்தையும் அது கெடுக்காது.

இதில் பெட்ரோலின் பங்கும் உண்டு. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் கிடைக்கிறது. எத்தனால் கலந்தது எளிதில் ஆவியாகும். காற்றின் ஈரத்தை உறிஞ்சும். அளவு மீறி உறிஞ்சினால் தண்ணீரும் எத்தனாலும் தனியே பிரிந்து டேங்கின் அடியில் தங்கித் துருவை உண்டாக்கும். அந்தக் காலத்து ரப்பர் ஹோஸ், பம்ப்பின் டயபிரம் என்ற சவ்வு, கார்க் கேஸ்கெட் ஆகியவை இதற்கென்று செய்யப்பட்டவை அல்ல. அவை ஊறி உப்பும் அல்லது வெடித்துக் கசியும். இவற்றை எத்தனால் தாங்கும் வகையில் மாற்றிவிடுங்கள். மழைக்காலத்தில் வண்டியை நெடுநாள் நிறுத்துவதாக இருந்தால் டேங்கைப் பாதியளவில் விடாமல் முழுவதும் காலி செய்துவிடுங்கள். வில்லிஸ் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அதில் 57 லிட்டர் டேங்க் ஓட்டுநர் இருக்கைக்கு நேர் அடியில் இருக்கிறது. பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே கசிவைத் தேடுங்கள்.

கேள்வி (வியாசர்பாடி): ராணுவ ஜீப்தானே, கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கும்போது தைரியமாக இறக்கலாமா?

பதில்: ராணுவத்தில் வண்டியோடு ஆற்றைக் கடக்கும் முன் ஆழத்தை அளந்தார்கள், ஃபேன் பெல்ட்டைத் தளர்த்தினார்கள், கடந்த பிறகு கிரீஸையும் ஆயிலையும் மாற்றினார்கள். சுரங்கப்பாதையில் நிற்பது மழை நீரோடு சாக்கடையும் கலந்த தண்ணீர். அடியில் மூடி திறந்த பள்ளம் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. இறக்காதீர்கள்.

தவிர்க்க முடியாமல் சக்கரம் முங்கும் தண்ணீரில் போக நேர்ந்தால், வெளியே வந்ததும் வேகம் எடுக்கக் கூடாது. நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக் என்பதால் உள்ளே தண்ணீர் புகுந்தவுடன் பிடிமானம் போய்விடும். பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே சிறிது தூரம் ஊர்ந்து போனால் அந்தச் சூட்டில் காய்ந்துவிடும். மறுநாள் கியர்பாக்ஸ், திருப்பத்தில் சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் சுழல வழிசெய்யும் டிஃபரன்ஷியல் ஆகிய இரண்டின் ஆயிலையும் விரலில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது, மாற்றியே ஆக வேண்டும். பிரேக் ஆயிலும் ஈரத்தை உறிஞ்சக்கூடியதே. இந்த வண்டிகளில் பிரேக் ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஒன்றே, குழாய்ச் சுற்றும் ஒன்றே. ஓரிடத்தில் விட்டால் நான்கும் விட்டதுதான். மழை முடிந்த கையோடு பிரேக் ஆயிலை மாற்றுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி (எண்ணூர்): தை, மாசியில் கடற்கரை மணலில் நால்சக்கர இயக்கத்தைப் போட்டு ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கூடாது. நீங்கள் சொல்லும் மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் நம் கரையேறி முட்டையிடுகின்றன. உப்பு மணல் உங்கள் வண்டிக்குச் செய்யப்போவதை முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன்.

கேள்வி (கொருக்குப்பேட்டை): அணிவகுப்புக்குப் போகும்போது பொம்மைத் துப்பாக்கி பொருத்தி, ராணுவச் சீருடை அணிந்து போகலாமா?

பதில்: படைவீரர் என்று பிறர் நம்பும்படி சீருடை அணிவது குற்றம். போலித் துப்பாக்கியைத் தெருவில் பார்ப்பவருக்கு அது போலி என்று தெரியாது. இரண்டும் வேண்டாம்.

கேள்வி (பெரம்பூர்): பொங்கல் விடுமுறையில் நண்பர்களோடு ஒரு நாள் பயணம் போக எந்த வழி நல்லது? எவ்வளவு வேகத்தில் போகலாம்?

பதில்: விடிவதற்கு முன் கிளம்பி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு போய் வாருங்கள். அந்தப் பருவத்தில் ஏரியில் பூநாரைகள் இருக்கும். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைத் தோட்டமும் அங்கே உண்டு. இன்னொரு வழி, ஜி.என்.டி. சாலையில் செங்குன்றம் தாண்டிச் சோழவரம். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே விமான ஓடுதளம் இருந்தது. போர் முடிந்த பிறகு பல ஆண்டுகள் அதே தளத்தில் மோட்டார் பந்தயம் நடந்தது. 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் குண்டு வீசிய நகரம் சென்னை என்பதை அறிந்தவர்களுக்கு, போர்க்கால ஜீப்பில் அந்தப் பக்கம் போவது தனிச் சுவையாக இருக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை, வில்லிஸின் அச்சு விகிதம் 4.88, அதாவது சக்கரம் ஒருமுறை சுழல அச்சுக்குச் சக்தி தரும் தண்டு 4.88 முறை சுழல வேண்டும் என்பதால் மணிக்கு 65 கிலோமீட்டரிலேயே எஞ்சின் வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கும். அதற்குமேல் விரட்டாதீர்கள். தார்ச்சாலையில் நால்சக்கர லீவரைப் போடவே கூடாது. முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் இல்லாத அமைப்பில், திருப்பங்களில் இரண்டும் ஒன்றையொன்று முறுக்கிப் பல்சக்கரங்களை உடைத்துவிடும்.

கேள்வி (மணலி): பஞ்சர் கடைக்காரர் என் ஜீப்பின் சக்கரத்தைக் கழற்ற முயன்றபோது இரண்டு போல்ட்டுகள் முறிந்துவிட்டன. துருதான் காரணமா?

பதில்: இடப்பக்கச் சக்கரமாக இருந்தால் துருவைவிடத் திசைதான் காரணமாக இருக்கும். வில்லிஸ், ஃபோர்டு போர்க்கால ஜீப்புகளில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி. வழக்கமான திசையில் பலம் கொடுத்தால் அவை மேலும் இறுகி முறிந்துவிடும். இடப்பக்க மட்கார்டின் உட்புறம் பெயிண்டால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்துவிடுங்கள்.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. இரண்டு பாதிகளாகப் பிரியும் ரிம் உங்கள் வண்டியில் இருந்தால், சக்கரத்தை ஹப்போடு பிடிப்பவை நடுவில் உள்ள ஐந்து நட்டுகள். ரிம்மின் இரு பாதிகளையும் சேர்த்துப் பிடிப்பவை அவற்றைச் சுற்றியுள்ள எட்டு. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் ஒன்றைத் தளர்த்தினாலும் ரிம் வெடித்துப் பிரிந்து எதிரே இருப்பவரைத் தாக்கும். எந்தக் கடையானாலும் நீங்கள் பக்கத்திலேயே நின்று, வால்வின் உள்ளூசியைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கியதை உறுதி செய்த பிறகே அவற்றில் ஸ்பேனரை வைக்கவிடுங்கள்.