எடை சரியாக இருக்கிறது, தொப்பை மட்டும் இருக்கிறது. இதயத்துக்கு ஆபத்தா?

வயது 46, உயரம் 170 செ.மீ., எடை 68 கிலோ, கை கால் எல்லாம் ஒல்லி, வயிறு மட்டும் முன்னால் வந்திருக்கிறது, கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. ஆனால் உங்கள் கேள்வியைப் படித்ததும் என் அண்ணனைப் பார்ப்பது போலவே இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணனுக்கு அப்போது 52 வயது. 165 செ.மீ. உயரம், 64 கிலோ. "இந்த வயசுலயும் உடம்பை ஏத்தாம வச்சிருக்கீங்களே" என்று சொந்தக்காரர்கள் எல்லோரும் சொல்வார்கள். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சை அழுத்துகிறது, பனியன் நனைகிற அளவுக்கு வியர்வை. வாயுத் தொல்லை என்று நினைத்து அண்ணி சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்திருக்கிறார். குடித்துவிட்டுச் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். இடது கை கனக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு போன் வந்தது. மாரடைப்பு. ஒரு ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக் காப்பாற்றினார்கள்.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் மருத்துவர் ஒரு இஞ்சு டேப்பை எடுத்து அண்ணன் வயிற்றைச் சுற்றி அளந்தார். 97 செ.மீ., அதாவது 38 அங்குலம். "பேன்ட் சைஸ் 34 தானே சார்" என்றார் அண்ணன். "பேன்ட்டை எங்கே போடுறீங்கன்னு பாருங்க" என்றார் மருத்துவர். குனிந்து பார்த்தோம். பெல்ட் தொப்புளுக்கு நாலு விரற்கடை கீழே, தொப்பைக்கு அடியில் இருந்தது. பத்து வருடமாக வயிறு மேலே வளர வளர பேன்ட் கீழே இறங்கியிருக்கிறது. சைஸ் மட்டும் மாறவே இல்லை.

அதற்கப்புறம் இதைப் பற்றி நிறையப் படித்தேன். கொழுப்பு எவ்வளவு என்பதைவிட எங்கே சேர்கிறது என்பதுதான் முக்கியம் என்று பிரான்சின் மார்செய் நகர மருத்துவர் ழான் வாக் 1947-லேயே எழுதியிருக்கிறார். ஸ்வீடனில் யோத்தபோரி நகரத்தில் 1913-ல் பிறந்த 792 ஆண்களை, அவர்களின் 54-வது வயதிலிருந்து 13 வருடம் கவனித்திருக்கிறார்கள். மாரடைப்பு, பக்கவாதம் யாருக்கு வருகிறது என்பதை உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு, அதாவது பி.எம்.ஐ., காட்டிக் கொடுக்கவில்லை. இடுப்புச் சுற்றளவைப் பின்புறச் சுற்றளவால் வகுத்தால் வரும் எண் காட்டியது. இது வெளிவந்தது 1984-ல்.

எனக்கு மனதில் நின்றது 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஒரு படம். புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த மருத்துவர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. ஆனால் யுட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். நம் ஊர் உடம்பு இப்படித்தான். தசை குறைவு, கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றுக்குள்ளே. உங்கள் பி.எம்.ஐ. சுமார் 23.5 வருகிறது. ஐரோப்பியருக்கு அது சரியான எடை. இந்தியர்களுக்கு 23-ஐத் தாண்டினாலே அதிக எடை என்றுதான் கணக்கு.

தோலுக்கு அடியில் சேரும் கொழுப்பைக் குதிர் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மிச்சமான நெல்லைப் பத்திரமாக வைக்கிற இடம். குதிர் நிரம்பிவிட்டால் நெல்லைக் கூடத்திலும் அடுப்படியிலும் கொட்ட வேண்டி வருகிறது. அப்படி வழிந்த கொழுப்புதான் குடலைச் சுற்றியும் கல்லீரலிலும் இதயத்தின் மேலும் படிகிறது. நமக்குக் குதிர் சின்னது, சீக்கிரம் நிரம்பிவிடுகிறது. குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து கசியும் கொழுப்பு அமிலம் நேரே கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதை ட்ரைகிளிசரைடு என்கிற கொழுப்பாக்கி ரத்தத்தில் விடுகிறது, நல்ல கொலஸ்ட்ரால் குறைகிறது, இன்சுலின் சொல் பேச்சு எடுபடாமல் போகிறது. கூடவே அந்தக் கொழுப்பு அழற்சிப் பொருள்களையும் சுரக்கிறது. ரத்தக் குழாய் கெடுவதற்கு இவ்வளவு போதும்.

தோலுக்கு அடியில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்தால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். 15 பெண்களிடமிருந்து சராசரியாகக் கிட்டத்தட்ட 10 கிலோ எடுத்தும் ரத்த அழுத்தம், சர்க்கரை, இன்சுலின் எதுவும் தேறவில்லை. குதிர் காலியானது, அடுப்படியில் கொட்டியது அப்படியே கிடந்தது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது. தையல்காரர் டேப் ஒன்று வாங்குங்கள். சட்டையைக் கழற்றிவிட்டு நேராக நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சைச் சாதாரணமாக வெளியே விட்ட பிறகு அளவைப் பாருங்கள். வயிற்றை எக்க வேண்டாம், யாரும் பார்க்கவில்லை. தெற்காசிய ஆண்களுக்கு எல்லை 90 செ.மீ. இடுப்பளவு உயரத்தில் பாதிக்குள் இருக்க வேண்டும் என்று இன்னொரு கணக்கும் உண்டு. உங்களுக்கு அது 85 செ.மீ.

அளவு தாண்டியிருந்தால் ரத்த அழுத்தம், சாப்பிடாமல் எடுக்கும் கொழுப்புப் பரிசோதனை, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். புகை பிடிப்பவர் என்றால் முதலில் விட வேண்டியது அதைத்தான். தொப்பையைவிட அது மோசம்.

வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு வந்த மாதிரியே சீக்கிரம் கரையவும் செய்யும் என்பது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. தினமும் வேகமாக நடந்தால் எடை மெஷின் அசையாவிட்டாலும் இடுப்பளவு குறையும். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து அங்கே மட்டும் கரைக்க முடியாது, அதில் நேரம் வீணாக்காதீர்கள். அண்ணன் ராத்திரிச் சோற்றைப் பாதியாக்கினார், டீயில் சர்க்கரையை விட்டார், காலையில் 45 நிமிடம் நடக்கிறார். ஒன்றரை வருடத்தில் எடை மூன்று கிலோதான் குறைந்தது. இடுப்பு 97-லிருந்து 89-க்கு வந்துவிட்டது. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு அண்ணிதான் டேப் பிடிக்கிறார், காலண்டரில் எழுதி வைக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். என்றைக்காவது நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் சேர்ந்து வந்தால் வீட்டில் வைத்தியம் பார்க்காதீர்கள், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்: இந்தியாவில் 108, இலங்கையில் 1990. சீரகத் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்த அந்த நேரத்தை நினைத்து அண்ணி இன்றைக்கும் அழுகிறார்.